சாலை சைக்கிளோட்டியின் உடுப்பும் துணைப்பொருள்களும்: தேர்வும் புதுப்பிப்பும்

சாலை சைக்கிளோட்டம் என்பது தார்ச்சாலையில், முன்னோக்கிக் குனிந்த நிலையில், மணிக்கணக்காக ஒரே சீராக மிதிப்பது. கடைத்தெரு வரை போய்வருபவருக்கு அன்றாட உடையே போதும்; கால் மணி நேரத்தில் இறங்கிவிடுவார். நான்கு மணி நேரம் இருக்கையிலேயே இருப்பவரின் நிலை வேறு. நிமிடத்துக்கு 85 சுற்று மிதித்தால், நான்கு மணி நேரத்தில் ஒவ்வொரு தொடையும் இருக்கையின் ஓரத்தை 20,000 தடவைக்கு மேல் உரசுகிறது. சாதாரணக் கால்சட்டையின் தடித்த தையல் ஒன்றே அத்தனை உரசலில் தோலைப் புண்ணாக்கிவிடும். சாலை சைக்கிளோட்டிக்கெனத் தனி உடுப்பு உருவானதன் முதற்காரணம் இந்த உரசல்தான். வெயில், வியர்வை, காற்றுத்தடை, விபத்து, பின்னால் வரும் வண்டியின் கண்ணில் படுவது ஆகியவை அடுத்தடுத்துச் சேர்ந்த காரணங்கள்.

இந்த உடுப்பைச் சுற்றி ஒரு வழக்கமும் வளர்ந்திருக்கிறது. ஜெர்சி, பிப் ஷார்ட்ஸ், காலுறை, கையுறை, ஹெல்மெட் அனைத்தையும் நிறம் பொருந்த ஒரே தொகுப்பாக வாங்குவதும், ஆண்டுக்கொரு முறை அந்தத் தொகுப்பையே புதிதாக மாற்றுவதும் அந்த வழக்கம். சைக்கிளோட்டிகள் இதைக் ‘கிட்’ மாற்றுவது என்பார்கள். பழையதை உரிய காலத்தில் கைவிடச் செய்வது இதன் நன்மை. ஆனால் தொகுப்பில் உள்ள ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு வேலை செய்கிறது, வெவ்வேறு வேகத்தில் தேய்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றும்போது நன்றாக இருக்கும் ஜெர்சி தூக்கியெறியப்படுகிறது. காலணியை மிதிகட்டையோடு பூட்டும் கிளீட் தேய்ந்துபோனாலும் காலணியின் அடியில் கண்ணில் படாமல் தங்கிவிடுகிறது. எதை எதற்காக வாங்குவது, எந்த அறிகுறி தெரிந்தால் மாற்றுவது என்று பொருள்வாரியாகப் பார்த்தால்தான் இந்த வழக்கத்தின் நிறையும் குறையும் பிடிபடும்.

கம்பளியிலிருந்து லைக்ரா வரை

டூர் டி பிரான்ஸ் போட்டியில் முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் ஜெர்சி அணிவிக்கும் வழக்கம் 1919-ல் தொடங்கியது. அது கம்பளிச் சட்டை. கம்பளி நனைந்தாலும் ஓரளவு வெதுவெதுப்பைக் காக்கும். ஆனால் மழையில் நீரை உறிஞ்சித் தொங்கும். கால்சட்டையும் கம்பளியே. அதன் உள்ளே, இருக்கையில் படும் இடத்தில், பதப்படுத்திய மெல்லிய ஆட்டுத்தோல் தைக்கப்பட்டிருக்கும். துவைத்துக் காய்ந்தால் அந்தத் தோல் விறைத்துவிடும் என்பதால் ஓட்டுவதற்குமுன் கொழுப்புக் களிம்பு தடவி இளக்குவார்கள். இன்று உரசலைத் தடுக்கத் தோலில் பூசப்படும் ஷாமி கிரீம் அந்தக் களிம்பின் வழித்தோன்றல்.

1958-ல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கிய எலாஸ்டேன் இழை, லைக்ரா என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. பலமடங்கு நீண்டு மறுபடி பழைய அளவுக்கே சுருங்கும் அந்த இழை 1970-களில் சைக்கிள் உடுப்புக்குள் நுழைந்தது. சுருக்கமோ மடிப்போ இல்லாமல் தோலோடு ஒட்டிய கால்சட்டை அதனால்தான் சாத்தியமாயிற்று. அடுத்த பத்தாண்டில் ஆட்டுத்தோலின் இடத்தைச் செயற்கை நுரைத்திண்டு பிடித்தது.

இந்த மாற்றங்கள் அனைத்தும் போட்டிக்களத்தில் பிறந்து பொதுமக்களிடம் வந்தவை. ஆண்டுதோறும் கிட் மாற்றும் வழக்கமும் அங்கிருந்தே வந்தது. ஆனால் தொழில்முறை அணிகள் உடுப்பை மாற்றுவதற்குக் காரணம் துணியின் தேய்மானம் அல்ல. விளம்பரதாரர் மாறுகிறார், அல்லது புதிய வடிவமைப்பை விரும்புகிறார். அணியின் சட்டையும் மாறுகிறது. வீரர்களுக்கு அது இலவசம். அவர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 கி.மீ. ஓட்டுபவர்கள். வாரம் 100 கி.மீ. ஓட்டும் ஒருவர் ஓராண்டில் சேர்ப்பது சுமார் 5,000 கி.மீ.தான். ஆறில் ஒரு பங்கு தூரம் ஓட்டுபவர், தன் கைக்காசைச் செலவிட்டு, விளம்பரதாரரின் நாட்காட்டியைப் பின்பற்றுவதே இந்த வழக்கத்தின் முரண்.

உடல் தொடும் மூன்று இடங்கள்

சைக்கிளும் உடலும் சந்திக்கும் இடங்கள் மூன்று: இருக்கை, மிதிகட்டை, கைப்பிடி. வலி தொடங்குவதும் பெரும்பாலும் இந்த மூன்றில்தான். ஆகவே தேர்விலும் செலவிலும் இவற்றுக்கே முதலிடம்.

பிப் ஷார்ட்ஸ் என்பது தோள்பட்டை வார்களோடு சேர்ந்த ஒட்டுக் கால்சட்டை. இடுப்பில் இறுக்கும் பட்டை இல்லாததால் குனியும்போது வயிற்றை அழுத்தாது. திண்டும் இடம் நகராது. திண்டு தடித்திருந்தால் சொகுசு கூடும் என்பது பரவலான தவறு. உட்காரும்போது உடலின் எடையைத் தாங்கவேண்டியவை இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் உள்ள இரண்டு முனைகள். அந்த இரு புள்ளிகளின் கீழ் அடர்த்தியான நுரை இருந்தால் போதும். மிருதுவான தடித்த திண்டில் எலும்பு அமிழ்ந்துபோக, அழுத்தம் நடுவிலுள்ள மென்மையான தசைக்கும் நரம்புக்கும் மாறிவிடும். அரை மணி நேரப் பயணத்துக்கு இதமாக இருக்கும் திண்டு மூன்றாவது மணி நேரத்தில் மரத்துப்போகச் செய்வது இதனால்தான்.

பிப் ஷார்ட்ஸைப் போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து நின்று கண்ணாடியைப் பார்ப்பதில் பயனில்லை. ஓட்டும் நிலையில் குனிந்து பார்க்கவேண்டும். நல்ல அளவுள்ளது நிற்கும்போது தோளில் சற்று இழுக்கும். குனிந்தால் சரியாக அமரும். நிற்கும்போதே தளர்வாக இருப்பது ஓட்டும்போது மடிந்து உரசும். உள்ளாடைக்கு இங்கே இடமில்லை. அதன் தையல்கள் திண்டின் பயனையே கெடுத்துவிடும். தோலோடு நேரடியாகப் படும் உடுப்பு என்பதால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் துவைத்தாக வேண்டும். ஈரமும் வெப்பமும் உரசலும் சேர்ந்த இடத்தில் மயிர்க்கால்கள் வழியே கிருமி நுழைந்து கட்டி உண்டாகும். எனவே வாரத்தில் பல நாள் ஓட்டுபவருக்கு விலை மிகுந்த ஒன்றைவிட நடுத்தர விலையில் இரண்டு பயன்படும்.

மாற்றவேண்டிய நேரத்தை உடுப்பே காட்டும். திண்டைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்ததும் பள்ளம் எழும்பாமல் நின்றால் நுரை செத்துவிட்டது என்று பொருள். பின்புறத் துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் எலாஸ்டேன் இழைகள் அறுந்துவிட்டன. தொடைப்பட்டை மேலேறுவதும் உட்தொடையில் துணி சொரசொரப்பதும் மற்ற அறிகுறிகள். பின்னால் வருபவருக்குத் தெரியும் பின்புறத் துணியின் தேய்மானம், அணிந்து ஓட்டும்போது அணிந்திருப்பவருக்குத் தெரிவதில்லை.

அடுத்தது காலணி. 1984-ல் பிரான்சின் லுக் நிறுவனம், பனிச்சறுக்குக் காலணியின் பூட்டும் முறையை மிதிகட்டைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே போட்டி வீரர் பெர்னார் இனோ அந்த மிதிகட்டையோடு டூர் டி பிரான்ஸை வென்றார். காலணியின் அடியில் திருகப்படும் கிளீட் மிதிகட்டையில் மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்புறம் திருப்பினால் விடுபடும். கால் மிதிகட்டையிலிருந்து வழுக்காது. விறைப்பான அடித்தகடு அழுத்தத்தைப் பாதம் முழுவதும் பரப்பும். குறை என்னவென்றால், பழகும்வரை சிக்னலில் நிற்கும்போது காலை விடுவிக்க மறந்து சாய்ந்து விழுவது வழக்கம். மூன்று திருகுகளால் பொருத்தப்படும் இந்த வகைக் கிளீட் காலணிக்கு வெளியே துருத்தி நிற்பதால் அதோடு நடப்பது வழுக்கும், கிளீட்டும் தேயும். தேநீர்க்கடையில் நின்று, கோயில் வாசலில் இறங்கி, மறுபடி ஏறுபவருக்கு, 1990-ல் ஷிமானோ நிறுவனம் கொண்டுவந்த இரண்டு திருகு முறையே பொருந்தும். அதில் கிளீட் அடிப்பகுதியின் குழிக்குள் அடங்கிவிடும். போட்டி வீரர் அணிகிறார் என்பதற்காக நெடுந்தூரப் பயணிகளும் மூன்று திருகு முறையை எடுப்பது, பொருளின் பயனைவிட அதன் மதிப்பைப் பார்த்து வாங்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

கிளீட்டில் பூட்டிய பிறகும் குதிகால் சற்றே அசைய இடமுண்டு. ஷிமானோவின் மூன்று திருகு வகையில் மஞ்சள் கிளீட் 6 டிகிரியும் நீலம் 2 டிகிரியும் அசையவிடும். சிவப்பு அசையவே விடாது. முழங்கால் வலி உள்ளவர் அசைவற்ற கிளீட்டைத் தவிர்ப்பது நல்லது. வெயிலிலும் நீண்ட ஓட்டத்திலும் பாதம் வீங்குவதால் காலணியை மாலை வேளையில் போட்டுப் பார்த்து வாங்கவேண்டும். காலணி பல ஆண்டு உழைக்கும், கிளீட் உழைக்காது. தேய்ந்த கிளீட் தானாகக் கழன்றுகொள்ளும், அல்லது தேவையான நேரத்தில் விடுபடாது. இரண்டுமே விபத்துக்கு வழி. பழைய கிளீட்டைக் கழற்றுமுன் அதன் விளிம்பைச் சுற்றிக் காலணியில் பேனாவால் கோடு வரைந்துவிட்டால், புதியது அதே இடத்தில் அமரும்.

கையுறையின் வேலை மூன்று: உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கம் ஓடும் நரம்பின்மேல் அழுத்தத்தைக் குறைப்பது, வியர்வையில் கைப்பிடி வழுக்காமல் காப்பது, விழும்போது முதலில் தரையில் ஊன்றும் உள்ளங்கையின் தோலைக் காப்பது. ஆனால் விரல்கள் தொடர்ந்து மரத்துப்போனால் மேலும் தடித்த கையுறை வாங்குவது தீர்வாகாது. கைப்பிடி மிகத் தாழ்வாகவோ தொலைவாகவோ இருப்பதே பெரும்பாலும் காரணம். சைக்கிளைச் சரிசெய்யவேண்டிய இடத்தில் புதுப்பொருள் வாங்குவதும் புதுப்பிக்கும் வழக்கத்தோடு சேர்ந்து வரும் ஒரு பிழை.

ஜெர்சி: வெப்பமும் வெயிலும்

உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோதான் மிதிகட்டைக்குப் போகிறது. மிதிகட்டையில் 150 வாட் தருபவரின் உடலில் 450 முதல் 600 வாட் வரை வெப்பமாக வெளிவருகிறது. அதை வெளியேற்றும் முதன்மை வழி வியர்வை. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 670 வாட் வெப்பம் நீங்கும். ஆவியாகாமல் சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதே இல்லை. ஜெர்சியின் துணியை மதிப்பிட இந்த ஒரு கணக்கு போதும். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தனக்குள்ளே வைத்துக்கொள்ளும். மெல்லிய பாலியெஸ்டர் பின்னல் அதைத் துணியின் வெளிப்பரப்புக்குப் பரப்பிக் காற்றில் ஆறவிடும்.

இடமறிந்து தேர்வு செய்யவேண்டிய பொருளும் இதுவே. ஐரோப்பியக் கோடைக்கு வடிவமைத்த ஜெர்சி சென்னைக் கடற்கரைச் சாலையின் ஈரக்காற்றில் அதே அளவு பயன் தராது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது ஆவியாதல் மந்தமாகும். அதை ஈடுசெய்யக் காற்றோட்டம் வேண்டும். கண்ணியுள்ள மெல்லிய துணி, கழுத்திலிருந்து இடுப்பு வரை திறக்கும் ஜிப், வெளிர்நிறம் ஆகியவை இங்கே முதன்மை பெறும். தமிழ்நாட்டு ஓட்டிகள் அதிகாலை 5 மணிக்கே புறப்பட்டு, வெயில் ஏறும் நேரத்தில் திரும்புபவர்கள். அவர்களில் பலர் அணியும் தனிக் கை உறை, வெள்ளைத்தோலருக்கு மட்டுமே வெயிற்காப்பு வேண்டும் என்ற எண்ணத்தை நடைமுறையில் திருத்தியிருக்கிறது. யுபிஎஃப் 50 என்று குறித்த துணி புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். சாதாரண மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை அதைவிடப் பலமடங்கு விட்டுவிடும். துணி நைந்து கண்கள் விரியும்போது இந்தக் காப்பும் குறையும்.

விலையுயர்ந்த ஜெர்சிகளை விற்க முன்வைக்கப்படும் காரணம் காற்றுத்தடை. காற்றை எதிர்த்துச் செல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கேற்ப ஏறுகிறது. மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் காற்றுக்காகச் செலவிடுவதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் 25 கி.மீ. வேகத்தில் செலவாகிறது. எனவே உடலோடு ஒட்டிய ஜெர்சி போட்டி வீரருக்குத் தருகிற வாட் சேமிப்பு, நிதானமாக ஓட்டுபவருக்கு மிகச் சிறிய எண்ணாகிவிடும். சட்டை படபடக்காத அளவுக்குப் பொருந்தினால் அவருக்குப் போதும். அதற்குமேல் இறுக்கினால் காற்றோட்டம் குறையும். எடை சற்றுக் கூடியவர் சைக்கிளோட்டமே தனக்கானது இல்லை என்று ஒதுங்கவும் அது காரணமாகலாம்.

மழைச்சட்டையிலும் இதே நிதானம் வேண்டும். சமவெளியின் வெதுவெதுப்பான மழையில் நீர்புகாச் சட்டை அணிந்தால் உள்ளேயிருந்து வியர்வையில் நனைய நேரிடும். மலையிறக்கம் வேறு கதை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கோத்தகிரிக்கு ஏறியவர் வியர்வையில் நனைந்திருப்பார். இறங்கும்போது உடல் அதிக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. எதிர்காற்று ஈரத்துணியைக் குளிர்விக்கும். விறைத்த விரல்கள் பிரேக்கைச் சரியாகப் பிடிக்கா. ஐரோப்பிய மலைமுகடுகளில் வீரர்கள் செய்தித்தாளை வாங்கி ஜெர்சிக்குள் செருகிக்கொண்டு இறங்கியது இதற்காகத்தான். இன்று அந்த வேலையைச் செய்ய, ஜெர்சிப் பையில் மடங்கிக்கிடக்கும் கையில்லாத காற்றுத்தடைச் சட்டை ஒன்று போதும். குளிர்நாட்டுக்கான முழு உடுப்புத் தொகுப்பு இங்கே பெட்டியில்தான் கிடக்கும்.

ஹெல்மெட்

சைக்கிள் ஹெல்மெட்டை வீரர்களே நெடுங்காலம் எதிர்த்தனர். 1991-ல் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் அதைக் கட்டாயமாக்க முயன்றபோது பாரி–நீஸ் போட்டியில் அவர்கள் மறியல் செய்தனர். 1995 டூர் டி பிரான்ஸில் மலையிறக்கத்தில் விழுந்து ஃபாபியோ கசார்தெல்லி இறந்தார். 2003 மார்ச்சில் அதே பாரி–நீஸ் போட்டியில் விழுந்து ஆந்த்ரே கிவிலேவ் இறந்த பிறகுதான், அந்த ஆண்டு மே மாதம் சர்வதேச சைக்கிள் ஒன்றியம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. காயமுற்ற 64,000 சைக்கிளோட்டிகளின் தரவுகளைத் தொகுத்து ஆலிவியர், கிரைட்டன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட பகுப்பாய்வு, ஹெல்மெட் அணிந்தவர்களிடம் கடுமையான தலைக்காயத்துக்கான வாய்ப்பு 69 விழுக்காடு குறைந்திருந்ததாகக் காட்டியது.

ஹெல்மெட்டின் உள்ளிருக்கும் வெள்ளை நுரை அடிபடும்போது நசுங்கி, மோதலின் ஆற்றலை ஏற்றுக்கொள்ளும். நசுங்கியது மீண்டும் எழாது. எனவே ஒருமுறை தலையோடு தரையில் மோதிய ஹெல்மெட், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், மாற்றப்படவேண்டியதே. இந்த விதிக்கு விலக்கில்லை. அடிபடாத ஹெல்மெட்டை எத்தனை ஆண்டில் மாற்றுவது என்பதில்தான் கருத்து வேறுபாடு. உற்பத்தியாளர் பலர் மூன்று முதல் ஐந்து ஆண்டு என்கிறார்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவுரை ஐந்து முதல் பத்து ஆண்டு. விற்பவரின் கணக்குக் குறுகியதாக இருப்பது கவனிக்கத்தக்கது. ஆனாலும் தினமும் வெயிலில் காயும், வியர்வையில் ஊறும் ஹெல்மெட்டின் வார்களும் பூட்டும் நுரைக்கு முன்பே கெடும். காலக்கணக்கோடு இவற்றையும் சோதிப்பதே சரியான வழி.

தேர்வில் முதலில் பார்க்கவேண்டியவை ஐரோப்பாவின் இஎன் 1078 போன்ற தரமுத்திரையும், தலைக்குப் பொருந்தும் அளவும். தலையைச் சாய்த்து உலுக்கினால் வார் போடாமலே நிற்கவேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் நெற்றியை மூடவேண்டும். அழகுக்காகப் பின்னே தள்ளி அணிந்தால் நெற்றி காப்பின்றிப் போகும். விலை கூடும்போது பெரும்பாலும் எடை குறைகிறது, காற்றோட்டம் கூடுகிறது. மோதலில் காப்பதும் அதே அளவில் கூடும் என்று கொள்ள முடியாது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் தனித்துச் சோதித்து வெளியிடும் தரவரிசையில் குறைந்த விலை ஹெல்மெட்டுகளும் நல்ல இடம் பெற்றிருக்கின்றன.

கண்ணில் படுதல்

நாகரிகமும் பாதுகாப்பும் நேருக்கு நேர் மோதும் இடம் உடுப்பின் நிறம். அழுக்குத் தெரியாது, எதனோடும் பொருந்தும் என்பதால் கறுப்புத் தொகுப்பே மிகுதியாக விரும்பப்படுகிறது. அதிகாலை இருட்டில் கறுப்புத் தார்ச்சாலையில் அது மறைந்துபோகும். டென்மார்க்கில் 6,793 ஓட்டிகளை இரு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்கு ஒளிர்மஞ்சள் மேற்சட்டை கொடுத்து ஓராண்டு நடத்திய ஆய்வில், பிற வாகனங்களோடும் பிறரோடும் மோதிக் காயமடைந்தது அந்தக் குழுவில் 47 விழுக்காடு குறைவு. விபத்துகளைப் பங்கேற்றவர்களே தெரிவித்ததால் அந்த எண்ணில் சற்று மிகை இருக்கலாம், போக்கு தெளிவானது. மறுபுறம், இங்கிலாந்தில் இயன் வாக்கர் குழுவினர் பல வகை உடுப்புகளை அணிந்து, முந்திச்செல்லும் வண்டிகள் விட்ட இடைவெளியை அளந்தார்கள். உடுப்பால் அந்த இடைவெளி ஏறக்குறைய மாறவே இல்லை; காவல்துறையை நினைவூட்டும் மேற்சட்டைக்கு மட்டும் சற்றுக் கூடியது. உடுப்பு ஓட்டியைக் காணச் செய்யும்; கண்டவரை மதிப்போடு நடக்கச் செய்யாது. சாலையில் தனித்தடமும் ஓட்டுநரின் பொறுப்பும் செய்யவேண்டிய வேலையைச் சட்டையிடம் ஒப்படைக்க முடியாது.

ஒளிர்நிறமும் ஒளிதிருப்பும் பட்டையும் ஒன்றல்ல. ஒளிர்மஞ்சள் சூரியனின் புற ஊதாக் கதிரை வாங்கிப் பளிச்சிடுவது. பகலில் மட்டுமே பயன்படும். இரவில் வேலை செய்வது, முகப்புவிளக்கின் ஒளியை வந்த திசைக்கே திருப்பும் பட்டை. அதை முதுகில் ஒட்டுவதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் கட்டினால் பயன் கூடும். மேலும் கீழும் அசையும் இரு புள்ளிகளைக் கண்டதும் மனித உருவம் என்று ஓட்டுநரின் கண் அடையாளம் கண்டுகொள்கிறது. பிரெவே எனப்படும் 200 முதல் 600 கி.மீ. வரையிலான நெடுந்தூர ஓட்டங்களிலும், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் 1,200 கி.மீ. பாரி–பிரெஸ்ட்–பாரியிலும் இரவில் ஒளிதிருப்பும் மேற்சட்டையும் விளக்கும் கட்டாயம். இந்தப் பட்டை துவைக்கத் துவைக்க மங்கும். இருட்டறையில் கைவிளக்கைக் கண்ணருகே வைத்துப் பத்தடி தொலைவிலிருந்து பார்த்தால் மங்கலின் அளவு தெரிந்துவிடும்.

சிறு பொருள்கள்

கண்ணாடி வெயிலுக்கு மட்டுமல்ல, பூச்சிக்கும் லாரி கிளப்பும் தூசிக்கும் தடுப்பு. இருட்டில் தொடங்கும் ஓட்டத்துக்கு நிறமற்ற வில்லையே பொருந்தும். இருக்கைக்கடியில் தொங்கும் சிறு பையில் ஒரு மாற்று ட்யூப், டயர் நெம்பும் கட்டை இரண்டு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், ஒரு சிறு பம்பு, அறுகோணச் சாவிகள் இருக்கவேண்டும். யாரும் திறந்து பார்க்காத பை என்பதால் புதுப்பித்தலில் மிகவும் விடுபடுவது இதுவே. ஒருமுறை திறந்த பஞ்சர் பசை சில மாதங்களில் குழாயிலேயே காய்ந்துவிடும்; சாவிகளோடு உரசி மாற்று ட்யூபே ஓட்டையாகும். ட்யூபைத் துணியில் சுற்றி வைப்பதும், பசையை ஆண்டுக்கொரு முறை மாற்றுவதும் சில பத்து ரூபாய்ச் செலவு. நடுச்சாலையில் நிற்கவைப்பது பெரும்பாலும் இந்தச் சிறு செலவின் குறைதான். தண்ணீர்க் குப்பியில் சர்க்கரை கலந்த பானம் ஊற்றுபவர் மூடியின் உள்ளே கரும்பூஞ்சை படிந்ததும் மாற்றவேண்டும்.

பராமரிப்பு

புதுப்பித்தலின் தேவையைத் தள்ளிப்போடுவது சரியான துவைப்பு. எலாஸ்டேனுக்குப் பகை வெப்பம், குளோரின் வெளுப்பான், துணியை மிருதுவாக்கும் திரவம். அந்தத் திரவம் இழையின்மேல் படலமாகப் படிந்து, வியர்வையைப் பரப்பும் தன்மையைக் கெடுக்கிறது. உடுப்பின் உட்புறத்தை வெளியே திருப்பி, ஜிப்பை மூடி, குளிர்ந்த நீரில் சிறிது சோப்பில் அலசி, நிழலில் உலர்த்தவேண்டும். திண்டு மேற்புறம் பார்த்தபடி காய்வது முக்கியம்; உள்ளீரம் தங்கினால் நாற்றமும் கிருமியும் சேரும். அடித்துத் துவைப்பதும் முறுக்கிப் பிழிவதும் பருத்தி வேட்டிக்குத் தாங்கும். பசையால் ஒட்டிய திண்டுக்குத் தாங்காது.

வழக்கத்தின் நிறையும் குறையும்

ஆண்டுக்கொரு முறை உடுப்பை எடுத்துப் பார்க்கவேண்டும் என்ற ஒழுங்கை இந்த வழக்கம் உண்டாக்கியிருப்பது மறுக்கமுடியாத நன்மை. தேய்மானம் மெல்ல நேர்வது. தினமும் அணிபவருக்கு அது புலப்படாது. நாள் குறித்துச் சோதிப்பவர், செத்த திண்டோடு மூன்றாண்டு வலியைப் பொறுத்துக்கொண்டிருப்பதில்லை. குழு உடுப்புக்கும் மதிப்புண்டு: ஒரே நிறத்தில் செல்பவர்களைச் சாலையில் சேர்ந்து காண முடிகிறது, புதிதாகச் சேர்பவருக்கு உரிமையுணர்வு வருகிறது, விடியற்காலையில் எழுப்பிவிடும் ஊக்கத்தையும் புதுச்சட்டை தருகிறது. உடற்பயிற்சியில் அந்த ஊக்கம் சிறிய விஷயம் அல்ல.

குறைகள் மூன்று. முதலாவது, செலவு தவறான இடத்துக்குப் போகிறது. எல்லோர் கண்ணிலும் படும் ஜெர்சி ஆண்டுதோறும் மாறுகிறது. கிளீட், திண்டு, விளக்கு, பஞ்சர் பசை போன்றவை அப்படியே தங்குகின்றன. இரண்டாவது, போட்டி வீரனின் உடலையே அளவுகோலாக வைப்பதால் பலர் வெளியே நிற்கிறார்கள். இதில் பெண்களின் இழப்பு அதிகம். அவர்களின் இடுப்பெலும்பு முனைகளுக்கிடையே இடைவெளி சராசரியில் அகலமானது. ஆண்களுக்கான திண்டின் வடிவம் பொருந்தாது. தோள்வார் கொண்ட பிப் ஷார்ட்ஸில் கழிப்பறைக்குப் போக ஜெர்சியையே கழற்ற வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையோரத்தில் தூய்மையான கழிப்பறை அரிதாக உள்ள நாட்டில் இது சிறிய இடையூறு அல்ல. தண்ணீர் குடிப்பதையே சிலர் குறைத்துக்கொள்வார்கள். வாரைக் கழற்றாமலே பின்புறம் இறக்கும் வடிவங்கள் வந்திருந்தாலும், கடைகளில் அவற்றின் வகையும் அளவும் குறைவு. வார் இல்லாத இடுப்புப் பட்டைக் கால்சட்டை தரத்தில் தாழ்ந்தது என்ற எண்ணத்தையும் கைவிடவேண்டும்.

மூன்றாவது குறை, வீண். பாலியெஸ்டரும் எலாஸ்டேனும் கலந்த துணியை இழை பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம்; துவைக்கும்போது நுண்ணிழைகள் கழிவுநீரில் கலக்கின்றன. மழைச்சட்டைகளில் நீர் ஒட்டாதிருக்க நெடுங்காலம் பூசப்பட்டுவந்த ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குபவை. எரிபொருள் இல்லாமல் ஓடுவதால் பெருமைப்படும் வண்டியின் ஓட்டி, நல்ல நிலையில் உள்ள செயற்கைத் துணியை ஆண்டுதோறும் குப்பையாக்குவது அந்தப் பெருமைக்கே எதிரானது. ஜிப் போனால் தையற்காரர் மாற்றித் தருவார். தொடைப்பட்டை தளர்ந்தால் புதிதாகத் தைக்கலாம். நிறம் மங்கிய ஜெர்சி வேலையை நிறுத்திவிடுவதில்லை.

ஆகவே ஆண்டுச் சோதனையைத் தக்கவைத்து, ஆண்டுக் கொள்முதலைக் கைவிடுவதே பொருத்தமான திருத்தம். சோதனையின் வரிசையும் தெளிவானது: ஹெல்மெட்டின் நுரையும் வாரும், கிளீட், முன்பின் விளக்குகளும் ஒளிதிருப்பும் பட்டையும் முதலில், இவற்றில் குறை தெரிந்தால் மறுநாள் ஓட்டத்துக்கு முன்பே மாற்றவேண்டும். அடுத்தது பிப் ஷார்ட்ஸின் திண்டும் துணியும், கையுறை, இருக்கைப் பையின் உள்ளடக்கம். ஜெர்சி, காலுறை, கண்ணாடி கடைசியில். புதிதாகத் தொடங்குபவரும் இதே வரிசையில் வாங்கலாம். தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட், விளக்கு, நல்ல பிப் ஷார்ட்ஸ் ஒன்று ஆகியவற்றோடு, வீட்டிலிருக்கும் வெளிர்நிற விளையாட்டுச் சட்டையை அணிந்து அவர் முதல் ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட முடியும். அதற்குப் பின் எது வேண்டும் என்பதை அந்தத் தூரத்தில் எங்கே வலித்தது என்பதைக்கொண்டு அவரே முடிவு செய்யலாம்.